மாசாமாசம் டொனேஷன் போக எது நல்லது? கிவ்வெல், கிவ்டைரக்ட்லி, எம்எஸ்எஃப், கிவா... குடுத்துப் பாத்த ஆளோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், தானம் பண்ணுங்க புண்ணியம் கிடைக்கும்னு சொல்ற பதிவு இது இல்ல. சம்பளத்துல ஒரு பங்கை மாசாமாசம் ஒதுக்கணும்னு ஏற்கனவே முடிவு பண்ணிட்டு, சரி இதை எந்த வழியா அனுப்பறதுன்னு முழிச்சுட்டு இருக்கறவங்களுக்கான ரிவ்யூ. நான் கொஞ்ச வருஷமா மாத்தி மாத்தி நிறைய இடத்துல குடுத்துப் பாத்தாச்சு, சிலதை நிறுத்திட்டேன், சிலது இன்னும் ஓடிட்டு இருக்கு. ஒரு போன் வாங்கணும்னா ராத்திரி பூரா ரிவ்யூ வீடியோ பாக்கற நாம, டொனேஷன்னு வந்தா மட்டும் ஒரு குழந்தை போட்டோவைப் பாத்தவுடனே கார்டை எடுத்துடறோம். பாத்திரம் அறிஞ்சு பிச்சை போடுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா பாத்திரத்தை எப்படி அறியறதுன்னு யாரும் சொல்லித் தர மாட்டாங்க.

என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான். காசு வாங்கற இடம், தனக்கு நஷ்டம் வரும்னு தெரிஞ்சும் ஒரு உண்மையை எப்பவாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கா? வெப்சைட் அழகா இருக்கறது, நன்றிக் கடிதம் உருக்கமா வர்றது, நட்சத்திரம் நிறைய வாங்கியிருக்கறது இதெல்லாம் பணம் இருந்தா யாரு வேணா பண்ணலாம். "இது வேலைக்கு ஆகல", "இங்க திருட்டு போயிடுச்சு", "இப்போதைக்கு எங்களுக்குக் காசு வேணாம்"னு சொல்றதுக்குத்தான் தில்லு வேணும். கீழ இருக்கற எல்லாத்தையும் இதை வச்சுத்தான் எடை போட்டிருக்கேன், அதனால உங்களுக்கு வேற அளவுகோல் இருந்தா என் ரேட்டிங் உங்களுக்கு ஒத்து வராம போகலாம்.

கிவ்வெல், 5க்கு 4.5

என் காசுல பெரும்பங்கு போற இடம் இதுதான். 2007ல ஆரம்பிச்சது. ஹோல்டன் கர்னாஃப்ஸ்கி, எலி ஹாசன்ஃபெல்டுன்னு ரெண்டு பேரு, ஹெட்ஜ் ஃபண்ட்னு சொல்ற பெரிய முதலீட்டு நிறுவனம் ஒண்ணுல வேலை பாத்தவங்க, சொந்தக் காசைக் குடுக்க எடம் தேடி தொண்டு நிறுவனங்கள் கிட்ட போயி எங்க காசை வச்சு என்ன பண்றீங்க, அது வேலை செய்யுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருக்காங்க, கைக்கு வந்ததெல்லாம் பளபளன்னு விளம்பரப் புத்தகம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்ல. சரி நாமளே அந்த வேலையைப் பண்ணுவோம்னு உக்காந்ததுதான் கிவ்வெல். இவங்க நேரடியா எந்த ஊருலயும் போயி எதுவும் பண்றதில்ல, யாருக்குக் குடுத்தா ஒரு டாலருக்கு அதிகபட்ச பலன் வரும்னு ஆராய்ச்சி பண்ணி கை காட்டறாங்க, நாம குடுக்கறதை அங்க அனுப்பி வைக்கறாங்க.

லிஸ்ட்ல மேல இருக்கறது ரொம்பச் சின்னதுதான், நாலே நாலு. கொசுவலை குடுக்கற அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன், மழைக்காலத்துல அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைகளுக்கு மாசம் ஒரு தடவை மலேரியா தடுப்பு மாத்திரை குடுக்கற மலேரியா கன்சார்ட்டியம், வருஷத்துக்கு ரெண்டு தடவை வைட்டமின் ஏ சொட்டு குடுக்கற ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல், அப்புறம் நைஜீரியாவோட வடக்குப் பகுதியில குழந்தையை தடுப்பூசிக்குக் கூட்டிட்டு வர்ற அம்மாக்களுக்கு சின்னதா ஒரு தொகை கையில குடுக்கற நியூ இன்சென்டிவ்ஸ். நாலுமே பாக்க எவ்வளவு போர் பாருங்க. வலை, மாத்திரை, சொட்டு, ஊசி. ஃபேஸ்புக்ல போட்டா நாலு லைக் கூட விழாது. ஆனா இவங்க கணக்குப்படி சுமாரா 3000 டாலர்லேருந்து 5500 டாலர் வரைக்கும் செலவு பண்ணா ஒரு உயிர் காப்பாத்தப்படுது. இதைப் படிச்சப்போ எனக்கு ரெண்டு மாதிரி தோணுச்சு, ஒண்ணு, அட இவ்வளவுதானான்னு, இன்னொண்ணு, அப்போ ஒரு வலைக்கு சில டாலர்தான்னு விளம்பரம் பண்றவங்க எல்லாம் ஒரு வலை ஒரு உயிர்ங்கற மாதிரியே பேசறாங்களே அது பொய்தானேன்னு. வலை கட்டித் தூங்கற எல்லாக் குழந்தையும் வலை இல்லைன்னா செத்துப் போயிருக்காது இல்லையா, நூத்துக்கணக்கான வலை போட்டாத்தான் ஒரு சாவு குறையும். இந்தக் கணக்கை மறைக்காம நேரா சொல்றதே எனக்குப் பிடிச்சுப் போச்சு.

இப்ப என் அளவுகோலுக்கு வர்றேன். கிவ்வெல் சைட்டுல அவங்க பண்ண தப்புக்குன்னே தனியா ஒரு பக்கம் இருக்கு. ஏதோ ஒப்புக்குப் போட்ட பக்கம்னு நினைச்சுத்தான் உள்ள போனேன், வெளிய வர ஒரு சாயங்காலம் ஆச்சு. ஆரம்ப காலத்துலயே, 2007 கடைசி வாக்குல, நிறுவனர்கள்ல ஒருத்தரான கர்னாஃப்ஸ்கியே வேற ஆள் மாதிரி இன்டர்நெட்ல போயி கிவ்வெல்லைப் பத்தி எழுதி விளம்பரம் பண்ணி மாட்டியிருக்காரு, போர்டு அவரைப் பதவியிலேருந்து கீழ இறக்குச்சு, அதை இன்னிக்கு வரைக்கும் அந்தப் பக்கத்துலேருந்து எடுக்கல. காசு கேக்கற எந்த இடம் இப்படித் தன்னோட முதல் அசிங்கத்தை ஃப்ரேம் போட்டு மாட்டி வைக்கும் சொல்லுங்க.

அடுத்தது 2013. கொசுவலை நிறுவனத்தை அந்த வருஷம் டாப் லிஸ்ட்லேருந்து எடுத்துட்டாங்க. அவங்க எதுவும் தப்பு பண்ணல, கையில காசு நிறைய சேந்துடுச்சு, அதை எந்த நாட்டுல எப்போ செலவு பண்றதுன்னு ஒப்பந்தம் முடியல, அந்த நேரத்துல மேல மேல காசு அனுப்பி என்ன பிரயோஜனம்னு சொல்லி நிறுத்தி வச்சாங்க, 2014ல ஒப்பந்தம் எல்லாம் முடிஞ்சவுடனே திரும்ப சேத்தாங்க. நல்ல நிறுவனமா இருக்கறது மட்டும் போதாது, இன்னும் ஒரு ரூபா போனா அதை உபயோகிக்க எடம் இருக்கணும்ங்கறதை நான் இதுலேருந்துதான் கத்துக்கிட்டேன். நாம எல்லாருமே ஏற்கனவே நிரம்பி வழியற உண்டியலைப் பாத்துத்தான் போடறோம், கூட்டம் எங்க இருக்கோ அங்கயே.

அப்புறம் நோ லீன் சீசன் கதை. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, ஏன்னா இது தோல்வியில முடிஞ்சது. பங்களாதேஷ்ல அறுவடைக்கு முன்னாடி வேலை இல்லாம பட்டினி கிடக்கற மாசங்கள்ல, கிராமத்து ஆளுங்களுக்கு டவுனுக்குப் போயி வேலை தேட ஒரு சின்னத் தொகை கடனாக் குடுக்கற திட்டம். சின்ன அளவுல சோதனை பண்ணப்போ அருமையான ரிசல்ட், எல்லாரும் கொண்டாடுனாங்க. எவிடன்ஸ் ஆக்‌ஷன்ங்கற நிறுவனம் அதைப் பெருசா விரிச்சு 2017ல திரும்ப சோதிச்சா, எதிர்பாத்த பலன் தெரியல. டாப் லிஸ்ட்ல எங்க பேரைப் போடாதீங்கன்னு அவங்களே கிவ்வெல் கிட்ட சொல்லி, 2019ல திட்டத்தையே மூடிட்டாங்க. இன்னும் பத்து வருஷம் பழைய ரிசல்ட்டைக் காட்டியே காசு வாங்கியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகுது. என்னைக் கேட்டா ஒரு தொண்டு நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் கிடையாது.

கட்டணம் பத்திக் கேப்பீங்க. மேல சொன்ன டாப் லிஸ்ட் நிறுவனங்களுக்குப் போற டாப் சேரிட்டீஸ் ஃபண்டுல போடற காசுலேருந்து கிவ்வெல் தனக்குன்னு எதுவும் எடுத்துக்கறதில்ல, அவங்க ஆபீஸ் செலவுக்குத் தனியா காசு திரட்டறாங்க, கார்டு கம்பெனி பிடிக்கறது மட்டும் எங்க போனாலும் இருக்கற மாதிரி இருக்கும். அந்த ஆபீஸ் கணக்குலயும் தேவைக்கு மேல சேந்துட்டா மிச்சத்தைத் தொண்டுக்கே மாத்தி விட்டுடறதுன்னு ஒரு விதி வச்சிருக்காங்க.

அரை மார்க் ஏன் குறைச்சேன்னா, எல்லாத்தையும் ஒரே தராசுல போடணும்னா யாரோ ஒருத்தர் உக்காந்து எடைக்கல்லு தீர்மானிக்கணும்ல. ஒரு குழந்தை உயிரைக் காப்பாத்தறதும் ஒரு குடும்பத்தோட வருமானத்தை ரெட்டிப்பு ஆக்கறதும் எத்தனைக்கு எத்தனை? இதுக்கு இவங்க நம்பர் வச்சிருக்காங்க. அந்த நம்பருக்காக ஐடிஇன்சைட்டுங்கற ஆராய்ச்சி நிறுவனத்தை வச்சு கானாவுலயும் கென்யாவுலயும் ஏழைக் குடும்பங்கள் கிட்டயே போயி கேட்டு 2019ல அறிக்கை போட்டாங்க, அது நல்ல விஷயம்தான், குடுக்கறவன் மட்டும் உக்காந்து முடிவு பண்றதைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் அளந்து பாக்க முடியற வேலைக்குத்தான் இங்க மரியாதை. சட்ட உதவி, மனித உரிமை, மொழி காக்கறது, பத்திரிகை சுதந்திரம் இதெல்லாம் இந்தத் தராசுல ஏறவே ஏறாது. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்றது சரிதான், ஆனா அளக்க முடியாததெல்லாம் வேண்டாததுன்னு ஆயிடாது. அதனால இதை மட்டுமே நம்பி முழுத் தொகையையும் நான் போடறதில்ல. அப்புறம் அவங்க ரிப்போர்ட் ஒவ்வொண்ணும் மைல் நீளம், ஸ்ப்ரெட்ஷீட்டோட தான் வரும், தலைவலி மாத்திரை பக்கத்துல வச்சுக்கோங்க.

கிவ்டைரக்ட்லி, 5க்கு 4

இவங்க பண்றது ஒரே ஒரு வேலை, ஏழைங்க கையில நேரா பணத்தைக் குடுக்கறது, பெரும்பாலும் மொபைல் மூலமா. ஆட்டுக்குட்டி வேணுமா, தையல் மெஷின் வேணுமா, கூரை மாத்தணுமான்னு வாங்கறவங்களே முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுடறது. கென்யாவுல ஆரம்பிச்சது, 2011லேருந்து பொதுமக்கள் கிட்டயும் டொனேஷன் வாங்கறாங்க. சும்மா காசு குடுத்தா குடிச்சுத் தீத்துடுவாங்கன்னு ஒரு பேச்சு எப்பவும் ஓடும் இல்லையா, பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேத்து வச்சுப் பாத்ததுல அப்படி நடக்கலன்னுதான் வந்திருக்கு. அதோட கென்யாவுல பத்தாயிரத்துக்கும் மேல குடும்பங்களுக்கு ஆளுக்கு சுமாரா 1000 டாலர் குடுத்துப் பாத்த பெரிய ஆய்வுல, உள்ள போன ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரப் பொருளாதாரத்துல ஏறக்குறைய இரண்டரை டாலர் அளவுக்கு வேலை செஞ்சிருக்கு, பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரன் கடையிலயும் வியாபாரம் ஏறியிருக்கு.

இங்கயும் என் அளவுகோல் வேலை செய்யுது. காங்கோவுல இவங்க ஊழியர்கள்ல சிலரே சேந்து ஏழைங்களுக்குப் போக வேண்டிய மொபைல் பணத்தைச் சுருட்டிட்டாங்க, ஏறக்குறைய 9 லட்சம் டாலர். இதை 2023ல இவங்களே தங்களோட சைட்டுல போட்டு, எப்படி நடந்துச்சு, வழக்கமா சிம் கார்டு விஷயத்துல வச்சிருந்த எந்தப் பாதுகாப்பை அந்த ஏரியாவுல தளர்த்துனதால ஓட்டை விழுந்துச்சு, இனி என்ன மாத்தறோம்னு எல்லாம் எழுதிட்டாங்க. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் இந்தச் செய்தியைப் பாத்து மாசச் சந்தாவை நிறுத்திட்டான். நான் நிறுத்தல. திருட்டே நடக்காத பெரிய நிறுவனம்னு ஒண்ணு இருக்குன்னு நான் நம்பல, சொல்றவங்க சொல்லாதவங்கன்னு ரெண்டு வகைதான் இருக்கு, அதுல சொல்றவனுக்குத் தண்டனையா காசை நிறுத்திட்டா அப்புறம் எவன் சொல்லுவான்.

இதுல ஒரு வேடிக்கை, கிவ்வெல் 2022ல தன்னோட தரத்தை உசத்துனப்போ கிவ்டைரக்ட்லியை டாப் லிஸ்ட்லேருந்து எடுத்துட்டாங்க. அப்புறம் 2024 நவம்பர்ல திரும்பக் கணக்குப் போட்டு, நாங்க முன்ன நினைச்சதைவிட நேரடிப் பணம் மூணு நாலு மடங்கு பலன் தருதுன்னு எழுதுனாங்க. அப்பவும் அவங்க டாப் நாலு அதைவிட மேல தான்னாங்க, ஆனா இத்தனை வருஷம் குறைச்சு மதிப்பிட்டுட்டோம்னு பப்ளிக்கா சொன்னாங்க பாருங்க. இந்தத் துறையில நம்பர் எவ்வளவு ஆடும்னு இதுலயே தெரியுது, அதனால மூணாவது தசம ஸ்தானம் வரைக்கும் சண்டை போடறவங்களைக் கண்டா ஒதுங்கிடுங்க.

எம்எஸ்எஃப், 5க்கு 4

எல்லையற்ற மருத்துவர்கள், போர், தொற்றுநோய், பேரழிவு நடக்கற இடங்களுக்குப் போயி வைத்தியம் பாக்கறவங்க, 1971லேருந்து இருக்காங்க. இவங்களுக்கு நான் மாசாமாசம் குடுக்கறதுக்கு ஒரே காரணம் 2005 ஜனவரி. 2004 டிசம்பர் சுனாமி வந்து உலகமே காசைக் கொட்டிட்டு இருந்தப்போ, ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள இவங்க எழுந்து, சுனாமிக்குன்னு குடுத்தது எங்களுக்குப் போதும், இனிமே அதுக்குன்னு குடுக்காதீங்க, வேணும்னா பொது நிதிக்குக் குடுங்கன்னு சொன்னாங்க. ஏற்கனவே வந்த மிச்சக் காசை வேற நெருக்கடிக்கு மாத்திக்கலாமான்னு குடுத்தவங்க கிட்டயே திரும்பப் போயி அனுமதியும் கேட்டாங்க, பெரும்பாலானவங்க சரின்னுட்டாங்க. மத்த சில நிறுவனங்களுக்கு இவங்க மேல செம கோவம், எங்க பொழப்பைக் கெடுக்கறீங்களேன்னு.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம் வேணும்னா 2001. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் அமெரிக்கன் ரெட் கிராஸ் அதுக்குன்னு தனி நிதி திரட்டி 50 கோடி டாலருக்கும் மேல வந்துச்சு, அதுல ஒரு பகுதியைப் பிற்காலத் தேவைக்குன்னு ஒதுக்கி வைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சவுடனே பெரிய ரகளை, கடைசில முழுசும் பாதிக்கப்பட்டவங்களுக்கேன்னு பின்வாங்குனாங்க. நிர்வாகமா பாத்தா எதிர்காலத்துக்கு ஒதுக்கி வைக்கறது ஒண்ணும் பைத்தியக்காரத்தனம் இல்ல, ஆனா முன்கூட்டியே சொல்லல. இங்கதான் மாசாமாசம் குடுக்கறவன் உதவுவான். டிவியில காட்டற பேரழிவுக்கு ஒரே நாள்ல கோடி கொட்டும், டிவியில காட்டாத காலரா முகாமுக்கு யாரு குடுப்பா? எந்த நிபந்தனையும் போடாம, இந்த ஊருக்கு அந்த வேலைக்குன்னு சீட்டு ஒட்டாம மாசம் தவறாம வர்ற சின்னத் தொகைதான் அங்க போய்ச் சேருது. ஃபார்ம்ல எதுக்குன்னு கேட்டா நான் எப்பவும் 'எங்க தேவையோ அங்க'ன்னு இருக்கறதைத்தான் டிக் பண்ணுவேன். ஒரு மார்க் குறைச்சது ஏன்னா லெட்டர், மெயில், போன் கொஞ்சம் ஜாஸ்தி, தொகையை ஏத்துங்கன்னு.

கிவா, 5க்கு 3

இது டொனேஷன் இல்ல, கடன். 2005ல ஆரம்பிச்சது. 25 டாலர் போட்டா யாரோ ஒருத்தர் கடை வைக்க, மாடு வாங்க உதவியா போகும், கொஞ்சம் கொஞ்சமா திரும்ப வரும், வந்ததை வேற ஒருத்தருக்குப் போடலாம். நமக்கு வட்டி கிடையாது. ஆனா கடன் வாங்கறவங்க பெரும்பாலும் வட்டி கட்டறாங்க, நடுவுல இருக்கற உள்ளூர் நிதி நிறுவனத்துக்கு, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. இன்னொரு விஷயம், நீங்க போட்டோவைப் பாத்துத் தேர்ந்தெடுக்கற அந்த அம்மாவுக்கு பெரும்பாலும் ஏற்கனவே கடன் குடுத்து முடிச்சிருப்பாங்க, உங்க காசு அந்த நிறுவனத்தோட கஜானாவை நிரப்பத்தான் போகும். 2009ல டேவிட் ரூட்மன்னு ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளர் இதை விளக்கமா எழுதுனப்புறம்தான் கிவா சைட்டுல வார்த்தையை மாத்துனாங்க. மாத்துனாங்கங்கறதுக்காக 3, முதல்லயே சொல்லலங்கறதுக்காக அதுக்கு மேல இல்ல. உபயோகிக்க ஜாலியா இருக்கும், அது உண்மை. ஜாலிக்குன்னு ஒரு சின்னத் தொகை போட்டு வச்சிருக்கேன்.

ஒரு குழந்தையைத் தத்தெடுத்த மாதிரி மாசாமாசம் ஸ்பான்சர் பண்ற திட்டங்களுக்கு ஸ்டார் போடல, ஏன்னா நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம். பல இடத்துல காசு அந்தக் குழந்தை கைக்குப் போறதில்ல, ஊருக்குப் பொதுவா செலவாகும், ஃபார்ம்ல சின்ன எழுத்துல இருக்கும், படிங்க. அதே சமயம் இது சும்மா சென்டிமென்ட்டுன்னு ஒதுக்கவும் முடியாது. கம்பாஷன் இன்டர்நேஷனல் ஸ்பான்சர் திட்டத்துல வளந்தவங்களையும் அதுல சேராதவங்களையும் சேத்து ஆறு நாட்டுல பத்தாயிரம் பேருக்கும் மேல எடுத்துப் பாத்து 2013ல வந்த ஆய்வுல, திட்டத்துல வளந்தவங்களுக்கு ஸ்கூல் படிப்பு சராசரியா ஒரு வருஷத்துக்கும் மேல கூடியிருக்கு. நான் சேரலைன்னா அதுக்குக் காரணம் வேற, ஒரு குழந்தை எனக்கு நன்றி சொல்லி லெட்டர் எழுதற கட்டாயத்துல இருக்கறது எனக்கு ஒத்து வரல. உங்களுக்கு அந்த லெட்டர்தான் மாசம் தவறாம குடுக்க வைக்குதுன்னா தாராளமா சேருங்க.

இந்த ஒத்தைக் குழந்தை முகத்துக்கு எவ்வளவு சக்தின்னு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு, 2007ல வந்தது, ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூணு பேரும் பண்ணது. ஒரு குரூப்புக்கு ஒரே ஒரு பசிக்கற பொண்ணோட கதை, இன்னொரு குரூப்புக்கு லட்சக்கணக்கான பேரு பட்டினிங்கற புள்ளிவிவரம். கதைக்குத்தான் ஜாஸ்தி காசு வந்துச்சு, இது எதிர்பாத்ததுதான். வேடிக்கை என்னன்னா, மனுஷ மனசு இப்படித்தான் ஏமாறும்னு முன்கூட்டியே பாடம் எடுத்துட்டுக் கேட்டா, பொண்ணுக்குக் குடுக்கறது குறைஞ்சுது, ஆனா புள்ளிவிவரத்துக்குக் குடுக்கறது ஏறல. அதாவது ரொம்ப புத்திசாலியாப் பேசி இரக்கத்தை மட்டும் குறைச்சுக்கிட்டாங்க. இதைப் படிச்சதுலேருந்து யாராவது ஒரு போட்டோவைப் பாத்துக் காசு குடுத்துட்டேன்னு சொன்னா வாயை மூடிட்டு இருக்கேன்.

தொண்டு நிறுவனங்களுக்கு நட்சத்திர ரேட்டிங் குடுக்கற சைட்டுகள் பத்தி சுருக்கமா. 2001ல ஆரம்பிச்ச சேரிட்டி நேவிகேட்டர் ரொம்ப வருஷம் நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்ங்கறதுக்குப் பெரிய மதிப்பு குடுத்துச்சு, அதைப் பாத்துட்டு நாமளும் நூத்துக்கு நூறு போய்ச் சேருதான்னே கேட்டுப் பழகிட்டோம். அப்புறம் 2013ல அவங்களும், இதே மாதிரி தொண்டு நிறுவனங்களைப் பத்தித் தகவல் தர்ற கைட்ஸ்டாரும் பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸும் சேந்து டொனேஷன் குடுக்கற பொதுமக்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதுனாங்க, அந்த ஒத்தை சதவீதத்தை வச்சு நிறுவனத்தை எடை போடாதீங்கன்னு. கணக்காளர் இல்லாம, நல்ல சம்பளத்துல ஆள் இல்லாம நடக்கற இடத்துலதான் திருட்டு சுலபமா நடக்கும். இப்ப இந்த சைட்டுகளை நான் ஒண்ணுக்கு மட்டும் பாக்கறேன், நிறுவனம் நிஜமா இருக்கா, கணக்கு தாக்கல் பண்ணியிருக்கா.

எவ்வளவு குடுக்கறதுங்கறதுக்கு ஒரு சர்வீஸ் இருக்கு, கிவிங் வாட் வீ கேன். 2009ல ஆக்ஸ்ஃபோர்டுல டோபி ஆர்டும் வில்லியம் மெக்காஸ்கிலும் தொடங்குனது. வருமானத்துல 10 சதவீதம் கடைசி வரைக்கும் குடுக்கறேன்னு உறுதிமொழி எடுக்கணும், சட்டப்படி கட்டாயம் எதுவும் இல்ல, மனசாட்சிதான். அது பயமா இருந்தா 1 சதவீதத்துலேருந்து ஒரு காலத்துக்கு மட்டும் முயற்சி பண்ணிப் பாக்கலாம், நான் அதைத்தான் எடுத்தேன். இங்க ஒரு கசப்பும் சொல்லணும், இவங்க சார்ந்த, எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம்னு சொல்ற, பலனைக் கணக்குப் போட்டுக் குடுக்கற இயக்கத்துக்குப் பெரிய புரவலரா இருந்த சாம் பேங்க்மன்-ஃப்ரீடோட கிரிப்டோ கம்பெனி 2022 நவம்பர்ல கவுந்து, அந்த ஆள் மோசடி வழக்குல ஜெயிலுக்குப் போயாச்சு. எக்கச்சக்கமா சம்பாதிச்சு எக்கச்சக்கமா குடுக்கறேன்னு சொன்ன ஆளு. அதனால சதவீதம்ங்கற ஐடியா கெட்டுப் போச்சான்னா எனக்கு அப்படித் தோணல, தொகையா முடிவு பண்ணா சம்பளம் ஏறினாலும் அதே தொகையிலயே நிப்போம், சதவீதம்னா தானா ஏறும், வேலை போனா தானா இறங்கும். தனக்கு மிஞ்சித்தான் தானம்ங்கறதும் இதுக்குள்ளயே அடங்கிடுது, கடன் வட்டி கழுத்தை நெரிச்சுட்டு இருக்கறப்போ 1 சதவீதம் கூட வேணாம், முதல்ல கடனை அடைங்க. ஆனா மிஞ்சறதுங்கறதை மாசக் கடைசில பாத்தீங்கன்னா எவனுக்கும் எதுவும் மிஞ்சாது, அதனால சம்பளம் வந்த மறுநாளே ஆட்டோ டெபிட்ல போயிடற மாதிரி வச்சிருக்கேன்.

ஆட்டோ டெபிட்டுன்னா ஒரு எச்சரிக்கை. பேர் சொல்ல விரும்பல, ஒரு இடத்துல சேர ஒரே ஒரு தட்டு, நிறுத்தணும்னா பட்டனே இல்ல, ஆபீஸ் நேரத்துல போன் பண்ணணும், போன் எடுத்தவரு நீங்க நிறுத்தினா அந்தக் குழந்தைக்கு என்ன ஆகும்னு நம்மகிட்டயே கேள்வி கேக்கறாரு. இன்னொரு நிதி திரட்டற சைட்டுல பணம் கட்டற கடைசிப் பக்கத்துல 'டிப்'னு ஒரு சதவீதம் தானா டிக் ஆகி உக்காந்திருந்துச்சு, அது நோயாளிக்குப் போறதில்ல, சைட்டுக்குப் போறது, ஸ்லைடரை இழுத்து பூஜ்யத்துக்குக் கொண்டு வரலாம்ங்கறதே நிறைய பேருக்குத் தெரியாது. அதனால சேர்றதுக்கு முன்னாடியே நிறுத்தற பட்டன் எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க. வெளிய போற கதவைக் காட்டாத இடம் உள்ள என்னத்தைக் காட்டப் போகுது.

மத்தபடி வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் உக்காந்து யோசிக்கறேன், யாருக்கு எவ்வளவு, யாராவது தப்பு பண்ணாங்களா, பண்ணிட்டு சொன்னாங்களான்னு. நடுவுல யாராவது வந்து கேட்டா இந்த வருஷத்துக்கு முடிவு பண்ணியாச்சுங்கன்னு சொல்லிடறேன், குற்ற உணர்ச்சி இல்லாம சொல்ல முடியறது பெரிய நிம்மதி. வரி விலக்கு வேணும்னா உங்க நாட்டுல பதிவான நிறுவனமான்னு முதல்லயே பாத்துடுங்க, வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரா அனுப்புனா பல நாட்டுல விலக்கு கிடைக்காது. தொகை சின்னதா இருந்தா நாலு இடத்துக்குப் பிரிக்காதீங்க, கார்டு கட்டணத்துல சதவீதத்தோட ஒரு நிலையான தொகையும் சேந்து வர்றதால ஒவ்வொரு தடவையும் அது தின்னுடும், மாசாமாசம் சேத்து வச்சு மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரே இடத்துல போடறது மேல். என்னுது இப்போதைக்கு கிவ்வெல் பெரும்பங்கு, கிவ்டைரக்ட்லியும் எம்எஸ்எஃபும் மிச்சத்தைப் பாதிப் பாதி. கிவாவுல திரும்பி வந்த பேலன்ஸ் கொஞ்சம் சும்மா கிடக்கு, யாராவது தையல் மெஷின் கேட்டு வந்தா போட்டு விடணும்.